ஆறு சேராங்கொட்டைக்கு 27,000 ரூபாய்

கேரள எல்லையில், பாலக்காட்டை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தை மாதக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கேயிருந்து வந்து, இரவு பகல் பார்க்காமல் தகரக் கூரையை அடித்துக்கொண்டே இருக்கும். உதடு வெடிக்கும், கன்னம் எரியும், குதிகால் பாளம் பாளமாகப் பிளக்கும். எனக்குத் தையல் தொழில். மிதி மெஷினில் வெறுங்காலை வைத்துத்தான் பழக்கம். போன தையில் வெடிப்பிலிருந்து ரத்தம் வந்து மிதிபலகையே ஒட்டும் நிலைமைக்கு வந்துவிட்டது. கூடவே வலது முழங்காலில் ஒரு பிடிப்பு. அந்த நேரத்தில்தான் போனில் ஒரு வீடியோ வந்தது. பித்தவெடிப்பு, மூட்டுவலி இரண்டுக்கும் சேராங்கொட்டை எண்ணெய் போதும், மூன்றே நாளில் குணம் என்றார் அந்த மனிதர். அதை நான் நம்பியதற்கு அவருடைய பேச்சு மட்டும் காரணமில்லை. எங்கள் அம்மாயி வீட்டில் சேராங்கொட்டை இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. காலில் முள் குத்தினால் ஒரு கொட்டையை ஊசியில் குத்தி, விளக்கில் காட்டி, கசிகிற சொட்டை முள் குத்திய இடத்தில் மட்டும் பொட்டு மாதிரி வைப்பார். சுற்றிலும் சுண்ணாம்பு தடவிவிடுவார். அவர் வைத்தது ஒரே ஒரு பொட்டு என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். பொள்ளாச்சியிலிருந்து இளநீர் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். பையன் கோயம்புத்தூர் ஹாஸ்டலில். ஆக, வீட்டில் நான் மட்டும்தான். பொள்ளாச்சிக்கு லைனிங் துணி எடுக்கப் போனபோது ஒரு நாட்டு மருந்துக் கடையில் கேட்டேன். எதற்கு, யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நூறு கிராம் 45 ரூபாய், காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டார்கள். எல்லைப் பக்கத்தில் வாங்குகிறவர்கள் பெயர்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் சேராங்கொட்டை, சேங்கொட்டை. மலையாளத்தில் சேர்க்குரு. தெலுங்கில் நல்லஜீடி. லேகிய டப்பாவில் பல்லாதகம் என்று சமஸ்கிருதப் பெயர் இருக்கும். எல்லாம் ஒன்றுதான்.

பார்க்க அழகான கொட்டை. கறுப்பாக, வழவழப்பாக, சின்ன இதயம் மாதிரி இருக்கும். மரத்தில் இருக்கும்போது முந்திரிக்கொட்டை பழத்தின் நுனியில் தொங்குவதுபோல, ஆரஞ்சு நிறத்தில் சதைப்பற்றான ஒரு காம்பின் நுனியில் உட்கார்ந்திருக்குமாம். அந்தப் பழுத்த காம்பையும், கொட்டைக்குள் இருக்கும் பருப்பையும் சாப்பிடுகிறவர்கள் உண்டு. வில்லங்கம் எல்லாம் நடுவில் இருக்கும் ஓட்டில். தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும் அந்த ஓட்டுக்குள் நிற்பதுதான் சேராங்கொட்டைப் பால். பால் என்றால் வெள்ளையாக நினைக்காதீர்கள். பழுப்பாகக் கசிந்து, காற்றுப் பட்டதும் கறுத்துவிடும் எண்ணெய் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆறு கொட்டைகளை எடுத்து அம்மிக்கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டினேன். முதல் கொட்டையிலேயே எண்ணெய் பீச்சி அடித்தது. விரலில், மணிக்கட்டில், நைட்டியில். கடையில் கிடந்த வெட்டுத் துணியில் துடைத்துக்கொண்டு மீதியையும் உடைத்தேன். நல்லெண்ணெயில் போட்டுக் காய்ச்சினேன். புகை வந்தது, குனிந்து கிண்டினேன். ஆறியதும் இரண்டு குதிகாலிலும் வழிய வழியப் பூசி, முழங்காலிலும் தேய்த்துவிட்டேன். கையை வெறும் தண்ணீரில் அலசினேன். எண்ணெய் வெறும் தண்ணீருக்குப் போகுமா? தினமும் எண்ணெய்ச் சட்டி கழுவுகிற எனக்கே அன்றைக்கு அது தோன்றவில்லை.

அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. திங்கட்கிழமையும் ஆகவில்லை. இதுதான் பெரிய ஏமாற்று. நெருப்பு என்றால் தொட்டவுடன் சுடும், கையை எடுத்துவிடுவோம். இது ஒருநாள், இரண்டு நாள் பொறுத்துத்தான் கிளம்பும். அதற்குள் அந்தக் கையால் நாம் முகத்தைத் துடைத்திருப்போம், கண்ணைக் கசக்கியிருப்போம், தலையணையில் புரண்டிருப்போம். நான் அதற்கும் மேலே போய், திங்கட்கிழமை காலையில் ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கையைத் தைக்க உட்கார்ந்துவிட்டேன். சந்தன நிறம், கையில் ஆரி வேலை முடிந்து வந்த துணி. மத்தியானம் பார்த்தால் முதுகுப் பக்கம் மூன்று இடத்தில் பழுப்புப் புள்ளி. மெஷின் ஆயில் என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை. அப்புறம்தான் விரல் நகத்தைப் பார்த்தேன், ஓரமெல்லாம் கறுப்பு. அம்மாயி சுண்ணாம்பு தடவியது நினைவுக்கு வந்தது. சுண்ணாம்புதான் இதற்கு முறிவு என்று நானே முடிவு செய்து, வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைத்துப் புள்ளிமேல் வைத்தேன். பத்து நிமிஷத்தில் பழுப்பு, மைக்கறுப்பு ஆனது.

சிரிப்பீர்கள். அந்தக் காலத்தில் துணி வெளுக்கிறவர்கள் எந்தத் துணி யார் வீட்டுடையது என்று தெரிவதற்கு ஓரத்தில் குறி வைப்பார்களே, அந்தக் குறியே இந்தக் கொட்டையின் பாலில் வைத்ததுதான். அது அழியாமல் நிற்பதற்குச் சேர்க்கிற பொருள் சுண்ணாம்பு. எத்தனை முறை வெள்ளாவி வைத்தாலும் போகாது. நானே என் கையால் அந்தப் பட்டில் வண்ணான்குறி வைத்துவிட்டேன். துணியில் இந்தக் கறை பட்டால் சுண்ணாம்பு பக்கமே போகாதீர்கள். சோப்பு போட்டுப் பாருங்கள், போகவில்லை என்றால் போகவில்லைதான்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலம் அரிப்பில் விழித்தேன். விரல் இடுக்கில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம். மத்தியானத்துக்குள் மணிக்கட்டு, முழங்கால், கழுத்து. குதிகாலில் தோல் தடிமன் என்பதால் அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை, வைத்தியம் செய்த இடத்தைத் தவிர மற்ற எல்லா இடமும் போனது. புதன்கிழமை காலையில் கண் திறக்கவில்லை. இமை இரண்டும் வீங்கி, முகம் கண்ணாடியில் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அழுதால் கண்ணீர் பட்ட இடம் எரிகிறது, அழவும் முடியவில்லை. வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவர் நாக்பூர் தாண்டி எங்கேயோ இருந்தார். "ஒரு ஊசி போட்டுக்க புள்ள, சரியாயிரும்" என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பாதி உண்மையைத்தான் அவரிடம் சொன்னேன். வீடியோ பார்த்து நானே செய்துகொண்டது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கத்துக்கு நான் கொடுத்த விலை இரண்டு நாள். எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்றே என்னைப் பார்த்துவிட்டு, "ஐயோ, அம்மை போட்டிருக்கு. தலைக்குத் தண்ணி ஊத்தாதே, சோப்பு தொடாதே" என்று சொல்லி வேப்பிலையை நிலைப்படியில் செருகிவிட்டுப் போனார். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. அம்மை என்றால் யாரும் ஏன் எப்படி என்று கேட்க மாட்டார்களே. குளிக்காமல், துணி மாற்றாமல், நகத்தில் அந்தப் பாலோடு, அதே தலையணை உறையில் இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். செய்திருக்க வேண்டியது இதற்கு நேர் எதிர். தொட்ட ஐந்து பத்து நிமிஷத்துக்குள் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவியிருந்தால் பெரும்பகுதி தப்பியிருக்கும். நேரம் தவறினாலும் கழுவத்தான் வேண்டும். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும், உடுத்திய துணி, தலையணை உறை, கதவுப் பிடி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் சோப்பில் கழுவ வேண்டும். கொப்புளத்துத் தண்ணீர் பட்டுத்தான் பரவுகிறது என்று நானும் நினைத்திருந்தேன். அது இல்லை. எங்கேயோ ஒட்டியிருக்கும் பால்தான் புதிது புதிதாகத் தொற்றுகிறது. அதனால் இது இன்னொருவருக்கு ஒட்டும் நோயும் இல்லை.

வியாழக்கிழமை பால் கொண்டுவரும் சேச்சி வந்தார். மலையாளத்துக்காரர், நெல்லியம்பதி அடிவாரத்துப் பக்கம் பிறந்தவர். என்னை ஒருமுறை பார்த்தார், என் விரலைப் பிடித்துப் பார்த்தார். "மோளே, இது அம்மையல்ல. சேரு தொட்டோ?" என்றார். சேரு என்பது சேராங்கொட்டை மரத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர். அப்படியே உடைந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர்கள் ஊரில் சேரு மரத்தின் கீழே நின்றாலே உடம்பு வீங்கிவிடும் என்று பிள்ளைகளைப் பக்கத்தில் விட மாட்டார்களாம். சேரு பட்டால் அதற்கு மாற்று தான்னி மரம், நம் ஊரில் தான்றி என்பது. திரிபலாவில் கடுக்காய், நெல்லிக்காயோடு சேருகிற அந்தத் தான்றிக்காய் மரம்தான். சேரு பட்டவர் தான்றியைச் சுற்றி வந்து பொறுத்துக்கொள்ளச் சொல்லி வேண்ட வேண்டும் என்பது அங்கே வழக்கம். அன்று சாயங்காலமே என்னை ஆட்டோவில் ஏற்றி, ஒரு காவில், அதாவது கோயில் தோப்பில், நிற்கும் தான்றி மரத்துக்குக் கூட்டிப்போனார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு ஏழு சுற்று சுற்றினேன். திரும்பி வந்து தான்றி இலையும் பட்டையும் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில், சோப்புப் போட்டு, தலையோடு குளிக்க வைத்தார். நான்கு நாளில் முதல் குளியல்.

அன்று இரவு கொஞ்சம் தூங்கினேன். மரம் மன்னித்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். ஆனால் தான்றிப் பட்டையில் துவர்ப்பு அதிகம், நீர் வடிகிற தோலுக்குத் துவர்ப்பு இதமாக இருக்கும். அதோடு என் உடம்பிலிருந்த பால் அன்றைக்குத்தான் கழுவப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலே, ஒருத்தர் அது அம்மை இல்லை என்று சொல்லி என் கையைப் பிடித்தார். மூன்றில் எது வேலை செய்தது என்று பிரித்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் சுற்றியதோடு நிற்கக் கூடாது என்பது மட்டும் மறுநாள் தெரிந்தது. வீக்கம் உதட்டுக்கு இறங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். ஊசி, ஐந்து நாள் மாத்திரை, 900 ரூபாய். இரண்டே நாளில் முகம் வடிந்தது, மாத்திரை தீர்ந்த மூன்றாம் நாள் எல்லாம் திரும்பக் கிளம்பியது, முன்பைவிட மோசமாக. அப்போதுதான் கோயம்புத்தூரில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். இந்த முறை வெட்கப்படாமல் மீதிக் கொட்டைகளைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எடுத்துப்போய் மேஜைமேல் வைத்தேன். பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. இவ்வளவு பரவியதற்கு ஸ்டீராய்டு மாத்திரையை இரண்டு மூன்று வாரத்துக்குப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும், ஐந்து நாளில் நிறுத்தினால் இப்படித்தான் திரும்ப வரும் என்றார். சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தம் பார்த்த பிறகே எழுதிக் கொடுத்தார். சிறு வயதில் மாங்காய்ப் பால் பட்டால் வாய் ஓரம் புண் வருமா என்று கேட்டார். எனக்கு ஒவ்வொரு சித்திரையிலும் வரும்! மா, முந்திரி, சேரு எல்லாம் ஒரே குடும்பத்து மரங்களாம். மாங்காய்ப் பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் சேராங்கொட்டையைக் கையில் எடுப்பதற்கு முன் நூறு முறை யோசிக்க வேண்டும். கொல்லத்தில் முந்திரி ஓடு உடைக்கும் பெண்கள் கையில் விளக்கெண்ணெயோ சாம்பலோ பூசிக்கொண்டு உட்காருவதும் இதே மாதிரி எண்ணெய்க்குப் பயந்துதான். இன்னொன்றும் சொன்னார், ஒருமுறை இப்படி ஆன உடம்பு அதை மறக்காது, அடுத்த முறை கொஞ்சம் பட்டாலும் சீக்கிரமாகவே கிளம்பும். கண், உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ கிளினிக், காவு என்று அலையாமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டுமாம்.

எல்லாம் அடங்கிய பிறகு ஒரு ஆயுர்வேத டாக்டரைப் பார்த்தேன். சண்டை போடத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட விஷத்தை மருந்து என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பல்லாதகம் நெருப்பு மாதிரி, முறைப்படி கொடுத்தால் அமுதம் மாதிரி என்று சரக சம்ஹிதையிலேயே இருக்கிறது என்றார். அந்த "முறைப்படி" என்ற சொல்லுக்குள்தான் மருந்தே இருக்கிறதாம். கொட்டையின் மூக்கை நறுக்கிவிட்டு, செங்கல் பொடியில் போட்டு நாள் கணக்கில் வைத்துத் தேய்ப்பார்கள். பொடி எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். கழுவி, தேங்காய்த் தண்ணீரிலோ பாலிலோ வேகவைப்பார்கள். அதைத்தான் சுத்தி என்பது. அதற்கு அப்புறம் நெய்யிலும் பாலிலும் சேர்த்து லேகியமாகவோ நெய்யாகவோ ஆக்கி, வாயில் நெய் தடவிக்கொண்டு சாப்பிடச் சொல்வார்கள். பத்தியம் வேறு. கொள்ளு கூடாது, தயிர் கூடாது, புளித்தது கூடாது, எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூடாது, அடுப்புப் பக்கம் உட்காரக் கூடாது. சித்த வைத்தியத்திலும் சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் சேர்ப்பதில்லை. நம் அரசாங்கமே 1945 ஆம் வருஷத்து மருந்து விதிகளில், எட்டி, ஊமத்தை, அபினி இருக்கும் நச்சுப் பொருள் அட்டவணையில்தான் இதையும் வைத்திருக்கிறது. இது சேர்ந்த உள்மருந்து டப்பாவில் மருத்துவர் மேற்பார்வையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எச்சரிக்கை போட வேண்டும். காகிதத்தில் மடித்துக் கொடுக்கிற கொட்டைக்கு அந்த எச்சரிக்கையை யார் ஒட்டுவது?

யோசித்துப் பார்த்தால் கடைக்காரர் எனக்கு விற்றது மருந்தே அல்ல, மருந்து ஆவதற்கு முந்திய ஒன்று. அரிசி வாங்கி வந்து வேகவைக்காமல் தின்றுவிட்டுச் சோறு கெட்டது என்று சொல்கிற மாதிரி. ஆனால் பச்சரிசி வயிற்றை மட்டும்தான் வலிக்க வைக்கும். கடையில் கேட்கும்போதே "சுத்தி பண்ணினதா?" என்று கேளுங்கள். பண்ணினது என்றாலும் வீட்டில் உடைக்க, காய்ச்ச, பூச வேண்டாம். பித்தவெடிப்புக்கு எனக்குக் கடைசியில் கேட்டது வெந்நீரில் காலை ஊறவைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, சாக்ஸ் போட்டுக்கொண்டு படுத்ததுதான்.

கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். கொட்டை 45. முதல் கிளினிக் 900. கோயம்புத்தூர் டாக்டர் இரண்டு தடவை, ரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் சேர்த்து 3,900. வண்டிச் செலவு 1,400. பட்டுத் துணிக்கும் ஆரி வேலைக்கும் அந்தப் பெண்ணின் அம்மாவிடம் கொடுத்தது 6,500. இருபத்து நான்கு நாள் மெஷினில் உட்காரவில்லை, நாளுக்கு 600 என்று வைத்தால் 14,400. மொத்தம் 27,145. கல்யாணத்துக்கு அந்தப் பெண் வேறு ரவிக்கை போட்டுக்கொண்டது, அதற்கு அவள் அம்மா என்னைப் பார்த்த பார்வை, இதெல்லாம் கணக்கில் வராது. மணிக்கட்டிலும் கழுத்திலும் கறுத்த தடம் பல மாதம் இருந்தது. வெயில் பட்டால் இன்னும் கறுக்கும் என்று டாக்டர் சொன்னதால் சித்திரை முழுக்க முழுக்கை ரவிக்கைதான்.

மீதிக் கொட்டைகளை என்ன செய்வது என்று தெரியாமல் அடுப்பில் போடப் போனேன். பால் சேச்சி கத்தியே விட்டார். அந்தப் புகையும் ஆகாதாம், நான் குனிந்து கிண்டியதில் முகம் அப்படி வீங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும். தென்னந்தோப்பு மூலையில், கோழி கிளறாத ஆழத்துக்குக் குழி வெட்டிப் புதைத்தேன், பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு. அம்மிக்கல்லை மூன்று முறை சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தாயிற்று. இருந்தாலும் அதில் இன்னும் சட்னி அரைக்க மனசு வரவில்லை, மிக்சியிலேயே ஓடுகிறது. அந்தச் சந்தன ரவிக்கை பீரோவில் இருக்கிறது. வீட்டுக்காரர் அதைப் பார்க்கும்போதெல்லாம், "உன் பேர் எழுதி வச்ச துணி" என்கிறார்.